பெயர் கேளாத பந்தி

தொண்டைமானாற்றுப் பக்கம் செல்லும் பஸ்வண்டியில் அரிசி மூடையின்மேற் கால்வைக்காமற் பிரயாணஞ் செய்தவர் யாழ்ப்பாணத்தில் மிகச் சிலராகவே இருப்பர். பாடசாலை விடுமுறைக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் ஏறிய வண்டியிலும் நான்கு மூடைகள் எனக்கு முன்னரே இடம் பிடித்திருந்தன. அவற்றுள் ஒன்றின்மீது கையை ஊன்றியபடி ஒரு முதியவள் அமர்ந்திருந்தாள். கொண்டக்டர் இளைஞர், கடமையில் கண்ணானவர்.

“ஆச்சி, மூடைக்கும் ரிக்கற் எடுக்கவேணும்.”

“அது சந்நிதியான்ரை மூடை, தம்பி. காசை அவரிட்டைக் கேள்.”

வண்டியிலிருந்தோர் நகைத்தனர். கொண்டக்டரும் நகைத்துவிட்டு அப்பாற் சென்றார். ஆச்சியோ நகைக்கவில்லை. அவள் கூறியது அவளுக்கு விளையாட்டன்று.

நல்லூரைக் கடந்து கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. நீர்வேலியில் வாழைத் தோட்டங்கள் வீதியோரம்வரை நெருங்கி நின்று நிழல் செய்தன. செம்மண்ணிற் காலையில் இறைத்த தண்ணீர் இன்னும் ஈரமாக மின்னியது. என் தோட்பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று ஒரு சஞ்சிகை. மற்றையது நான்காய் மடித்த ஒரு பழைய பத்திரிகைப் பக்கம். பின்னையதைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன். சஞ்சிகையை எடுத்து விரித்தேன்.

அதன் பெயர் ‘ஞானச்சுடர்’. செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தின் அயலிலுள்ள சந்நிதியான் ஆச்சிரமத்தின் சைவ கலை பண்பாட்டுப் பேரவை 1998 ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்டுவரும் மாத இதழ் அது. திருமுறை விளக்கம், அடியார் வரலாறு, சிறுவர்க்கான கதை என்பன அதிலுண்டு. பலரும் அவற்றை வாசிப்பர். நான் முதலில் வாசிப்பது அவற்றையன்று. நித்திய அன்னப்பணிக்கு உதவி புரிந்தோர் விபரத்தையே. ஒருவர் ஒரு மூடை அரிசி. இன்னொருவர் ஆயிரம் ரூபா. பெற்றோரின் நினைவாக ஒருநாட் செலவு வேறொருவருடையது. பெயருக்கு அருகே ஊர். அச்சுவேலியும் கரவெட்டியும் உரும்பிராயும் வரும் அதே நிரலிற் கனடாவும் ஜேர்மனியும் சுவிற்சர்லாந்தும் வரும். போர் எத்தனை திசைகளில் எம்மவரைச் சிதறடித்ததென்பதை அறிய விரும்புவோர்க்குப் பெரிய நூலொன்றுந் தேவையில்லை. இப் பட்டியலின் இரண்டு பக்கங்கள் போதும்.

அப் பட்டியலில் ஒரு விசேடம் உண்டு. கொடுத்தவர்களின் பெயர்களே அங்கே உள. உண்டவர்களின் பெயர் ஒன்றுதானும் இல்லை. இது இயல்புதானே என்று நேயர்கள் கூறக்கூடும். அன்று, எங்கள் குடாநாட்டில் எக்காலத்தும் இவ்வாறு இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்திற் சமயமும் அச்சும் அன்னமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. 1816 இல் தானியேல் பூர் முதலிய அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையில் வந்து தங்கினர். எழுத்தறிவிக்கப் பள்ளி வைத்தனர். ஆயின் வறிய வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துக்கு முன்னர்ச் சோறு வேண்டுமென்பதை விரைவில் அறிந்துகொண்டனர். உணவும் உடையும் கொடுத்துப் பிள்ளைகளைத் தங்கவைக்கும் விடுதிப் பள்ளிகள் இவ்வாறு எழுந்தன. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் உடுவிற் பெண்கள் விடுதியும் தோன்றின. தொடக்கத்திற் கிறிஸ்தவரின் கூரையின்கீழ் உண்ணப் பிள்ளைகள் மறுத்தமையால், மிசன் வளவுக்கு வெளியே சைவர் ஒருவரின் காணியில் வேறாகச் சமையற்கூடம் அமைக்க நேர்ந்ததென எமேர்சன் ரெனன்ற் எழுதிவைத்திருக்கிறார். பசி ஒரு புறமும் சாதியாசாரம் மறுபுறமும் இழுக்க, நடுவில் நின்ற அச் சிறுவரை நினைத்துப் பார்க்கின்றேன்.

அவர்களுக்கான பணம் எங்கிருந்து வந்தது? பொஸ்ரன் நகரில் வெளியான ‘மிசனரி ஹெரல்ட்’ என்னும் சஞ்சிகையில் யாழ்ப்பாணத்துக் கடிதங்கள் அச்சாயின. அவற்றைப் படித்த அமெரிக்கத் தேவாலயச் சபையாரும் தனிப்பட்ட உபகாரிகளும் ஒவ்வொரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டனர். மாதந்தோறும் அந்தச் சஞ்சிகையின் இறுதியில் நன்கொடைப் பட்டியல் வரும்: ஊர், கொடுத்தவர் பெயர், தொகை. என் கையிலிருந்த ‘ஞானச்சுடர்’ப் பட்டியலுக்கு அது மூத்த உடன்பிறப்பென்றே சொல்லலாம். ஒரேயொரு வேற்றுமை. அங்கே சில வரிகளில், இலங்கையில் இன்ன பெயருடைய பிள்ளைக்கென்று பிள்ளையின் பெயரும் இருக்கும். அப் பெயரோ தாய் தந்தையர் இட்டதன்று. பணம் அனுப்பியவர்கள் விரும்பிக் கொடுத்தது. பருத்தித் துணியையும் சோற்றையும் ஏற்றுக்கொண்ட பிள்ளை, கடல் கடந்து வந்த பெயரையும் ஏற்றுக்கொண்டது.

1841 ஜனவரி 7 ஆம் நாள் வெளிவந்த ‘உதயதாரகை’யின் முதல் ஆசிரியர்கள் யாவர் என்று பாருங்கள்: ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். கேட்பவர் வெள்ளையர் என்றே எண்ணுவர். இருவரும் இம் மண்ணின் தமிழர், செமினரியிற் கற்றவர்கள். அப் பத்திரிகைக்குப் பிற்காலத்தில் ஆசிரியராயிருந்து, 1886 இல் ‘பாவலர் சரித்திர தீபக’த்தை எழுதிய மானிப்பாய்ச் சதாசிவம்பிள்ளையும் ஜே. ஆர். ஆர்னல்ட் என்னும் பெயரோடு வாழ்ந்தவரே. அந்த விடுதிச் சோறு இல்லையேல் தமிழுக்கு அந்த நூல் கிடைத்திராது. ஆகையால் அவ் வன்னத்தை இகழ்வது நன்றிகேடாகும். எனினும், உண்ட பிள்ளையின் பெயர் கொடுத்தவனுடைய கணக்குப் புத்தகத்திற்கு ஏற்ப மாறியதென்பதை மறைப்பதும் நேர்மையன்று.

சைவருள்ளும் அச்சும் அன்னமும் ஒரே கையால் நடந்த காலம் உண்டு. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிற் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து சேர்த்தார். நாவலரென்றாற் கண்டனமும் வசனநடையுமே இன்று மாணாக்கர் நினைவுக்கு வரும். ஆயின் 1876 முதல் தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவையும் எங்கள் ஊரையும் வாட்டியபொழுது, ஊராரிடம் தருமம் வேண்டிக் கஞ்சித்தொட்டி நடாத்தியவரும் அவரே. அவர் சிவபதமடைந்தது 1879 இல். அக் கஞ்சி அவருடைய கடைசிப் பணிகளுள் ஒன்று. பரீட்சைக்கு அவருடைய நூற்பெயர்களை மனனஞ் செய்யும் பிள்ளைகள் அந்தத் தொட்டியையும் ஒரு வரியிற் சேர்த்துக்கொண்டால் நன்று. கத்தோலிக்கரின் ‘பாதுகாவலன்’ யாழ்ப்பாணத்தில் வெளிவரத் தொடங்கியதும் அந்த 1876 ஆம் ஆண்டிலேயே. மூன்று சமயப் பகுதியாரும் எழுத்திற் கடுமையாகப் போரிட்ட காலம் அது. பசித்தவர்க்கு உணவளிக்க வேண்டுமென்பதில் மாத்திரம் போர் இருக்கவில்லை.

வண்டி சிறுப்பிட்டி, புத்தூரைத் தாண்டி அச்சுவேலிச் சந்தையில் நின்றது. மேலும் இரண்டு பூசணிக்காய்கள் ஏறின. அப்பாற் செம்மண் மறைந்து மணல் தோன்றியது. காற்றில் உப்பு மணத்தது.

தொண்டைமானாறு ஆறென்னும் பெயருடையதாயினும் மலையிற் பிறந்த நதியன்று. வலிகாமத்தையும் வடமராட்சியையும் பிரித்துக்கொண்டு உள்ளே நீண்டு கிடக்கும் கடல்நீரேரி கடலோடு சேரும் வாய் அது. குலோத்துங்க சோழனின் அமைச்சனான கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச்செல்லும் பொருட்டு இதனை வெட்டி ஆழமாக்கினான் என்பது கர்ணபரம்பரை. இக்காலத்தில் உவர்நீர் உட்புகாதபடி தடுப்பணை கட்டியிருக்கின்றனர். அணையின் ஒருபுறம் கடல் குமுறிக்கொண்டிருக்க, மறுபுறம் நீர் கண்ணாடிபோற் கிடந்தது. கொக்குகள் ஒற்றைக்காலில் நின்று தவஞ் செய்தன. தவத்தின் நோக்கம் மீன்தான்.

ஆற்றங்கரையிலேயே கோயில். ‘ஆற்றங்கரையான்’ என்றும் ‘சின்னக் கதிர்காமம்’ என்றும் ‘அன்னதானக் கந்தன்’ என்றும் பெயர்கள் பல. இங்கிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் புறப்படும் யாத்திரிகர் கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து செல்வர். ஆவணித் திருவிழாவிற் கரையில் மணல் தெரியாது, தலைகளே தெரியும். 1986 இல் இக் கோயிலின் பெரிய தேர் போரின் தீயில் எரிந்தது. அதன்பின் ஊரவர் இடம்பெயர்ந்ததும் மீண்டதும் பலமுறை. இடையிடையே விளக்கு மங்கியிருக்கலாம். அடுப்பை மீண்டும் மூட்டாமல் விட்டவர் எவருமில்லை.

கோயிலைச் சுற்றி மடங்கள். அவற்றுள் ஒன்றின் பின்கட்டிலேயே எனக்கு வேலை இருந்தது. அங்கு அன்னப்பணியைப் பார்த்துவரும் ஒரு பெரியவர் எனக்கு நெடுநாட் பழக்கமானவர். பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டமையால் எழுதவில்லை. நான் சென்றபோது அவர் பாயில் அமர்ந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் இரண்டு கிடாரங்கள் கொதித்தன. அகப்பை என்பது இங்கே கையளவானதன்று, துடுப்பளவானது. ஒருவர் நின்றுகொண்டு இரு கைகளாலும் பருப்பைக் கிண்டினார். தோணி வலிப்பவர்போல் அவர் தோள்கள் அசைந்தன.

பெரியவருக்கு அருகில் இருந்து, பையிலிருந்த பழைய பக்கத்தை எடுத்து விரித்துக் கொடுத்தேன்.

அப் பக்கத்தின் கதை இது. 2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் விடிய முன்னரே வரிசை. பால்மா கண்ணிற் படவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டிலும் பார்க்க 94.9 வீதம் உயர்ந்திருந்தது. ஏறத்தாழ 63 இலட்சம் மக்களுக்கு அடுத்தவேளை உணவு நிச்சயமில்லை என்று உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் கணித்தன. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் இளைஞர் சிலர் கோயில் வீதியிற் பிள்ளைகளுக்குக் காலைதோறும் இலைக்கஞ்சி கொடுக்கத் தொடங்கினர். முருங்கையிலையும் தூதுவளையும் ஊரிலேயே கிடைத்தன, தேங்காய்க்கு வீடுவீடாகச் சென்றனர், அரிசிதான் தட்டுப்பாடு. ஒரு சமயச் சஞ்சிகைக்கு அதனை நான் கட்டுரையாக எழுதினேன். கட்டுரையுடன் ஒரு படமும் அனுப்பினேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இரு கைகளாலும் கோப்பையை ஏந்திக் கஞ்சி குடிக்கும் படம். கண்கள் மாத்திரம் கோப்பைக்கு மேலே தெரியும். படத்தின் கீழே அவளுடைய பெயரையும் ஊரையும், தகப்பன் இல்லாதவள் என்பதையும் எழுதியவன் நானே. வேறெவரும் என்னைத் தூண்டவில்லை.

கட்டுரை நன்றாயிருந்ததென்று பலரும் பாராட்டினர். அரிசியும் வந்தது. அதற்கடுத்த வாரம் அச் சிறுமி கஞ்சிக்கு வரவில்லை, அதன்பின்னும் வரவில்லை. வகுப்பில் எவனோ ஒரு பையன் அந்தப் படத்தைக் கத்தரித்து அவளுடைய மேசையில் ஒட்டிவிட்டானாம். தாய் என் வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிக்கவில்லை. படலைக்கு வெளியே நின்றபடியே பேசினாள்.

“கஞ்சிக்கு நன்றி, ஐயா. ஆனா என்ரை பிள்ளையின்ரை படத்தை ஏன் போட்டனீங்கள்? நாளைக்கு அவள் குமராகி நிக்கேக்கையும் அந்தப் படம் கிடக்குமெல்லோ?”

மறுமொழி கூற எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி சொன்னேன். வேண்டாமென்று போய்விட்டாள்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டுரையை முழுவதும் வாசித்தார். படத்தையும் பார்த்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். அரிசி வந்ததோ?”

“வந்தது. பதினொரு மூடை.”

“அப்ப எழுத்திலை பிழையில்லை.” சற்றுநேரம் பூசணிக்காயை வெட்டினார். பின்பு, “பிள்ளை வந்ததோ?” என்றார்.

நான் பேசாதிருந்தேன். அவர் அப் பக்கத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். எனக்கு ஆறுதலும் கூறவில்லை, கண்டிக்கவும் இல்லை. ஒரு கத்தியை எடுத்து என்பக்கம் தள்ளிவிட்டு, “தோலை மெல்லிசாச் சீவுங்கோ” என்றார்.

வெட்டிக்கொண்டே அவர் கூறியவற்றுட் சில என் நினைவில் நிற்கின்றன. பட்டியல் அவசியமாம். கொடுத்தவனுக்குத் தன் மூடை வந்துசேர்ந்ததென்று தெரியவேண்டும். கனடாவிலிருப்பவன் நேரில் வந்து பார்க்கமாட்டான். அச்சில் வந்தாலே அவனுக்குப் பற்றுச்சீட்டு. அயலான் பெயரைக் கண்டு, தானுங் கொடுக்க வேண்டுமென்று நினைப்பவனும் உண்டு. “அது புகழாசைதானே?” என்றேன். “புகழாசையும் சோறாகினால் நல்லதுதானே, தம்பி” என்றார். என் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவருக்கு நான் இன்னும் தம்பிதான்.

விடுமுறைக் காலத்திற் பிள்ளைகள் கூடுதலாக வருவார்கள் என்றும் அவர் சொன்னார். பாடசாலை நடக்கும் நாட்களில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே உணவு உண்டு. பாடசாலைக்குப் பூட்டுப் போட்டால் அந்த அடுப்புக்கும் பூட்டு. வயிற்றுக்கு விடுமுறை எடுக்கத் தெரியாது. கல்வித் திணைக்களத்தின் நாட்காட்டியிற் காணாத இந்தக் கணக்கு, மடத்துச் சமையற்காரருக்கு மனப்பாடம்: விடுமுறையெனில் ஒரு கிடாரம் கூட.

மதியப் பூசைக்கு மணி ஒலித்தது. கைகழுவிக்கொண்டு கோயிலுக்குள் ஓடினேன். இக் கோயிற் பூசை ஏனைய கோயில்களிற் காண்பது போன்றதன்று. பூசகர் வெண்டுணியால் வாயைக் கட்டிக்கொள்வார். மந்திரவொலி இல்லை. எல்லாம் மௌனத்திலே நடைபெறும். மருதர் கதிர்காமர் என்னும் அடியவர் வழிவந்த குலத்தினர் இன்றும் அவ்வாறே பூசிக்கின்றனர். ஆலிலைகளைப் பரப்பி அமுது படைக்கப்பட்டது. சங்கும் மணியும் ஓய்ந்த ஒரு நொடியில், வெளியே வீதியிற் குழந்தையொன்று சோறு கேட்டு அழுவது கருவறைவரை கேட்டது. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆயினும் எல்லோரும் கேட்டனர் என்றே நம்புகின்றேன்.

மடத்துக்குத் திரும்பியபோது பாய்கள் விரித்தாயிற்று, வாழையிலைகள் போட்டாயிற்று. யாத்திரிகர், நோயாளர், வயது முதிர்ந்து கோயிலையே வீடாகக் கொண்டோர், காரில் வந்து இறங்கிய ஒரு குடும்பம், மீன்பிடித் துறையிலிருந்து வந்த இரண்டு தொழிலாளர் எல்லோரும் ஒரே நிரையில் அமர்ந்தனர். நேர்த்தி வைத்து வந்த அந்தக் கார்க்காரர் பட்டு வேட்டியோடு சப்பாணி கட்டி உட்காரப் பட்டபாடு சொல்லுந்தரமன்று. இங்கே உண்பவர் யாவரும் ஏழையரல்லர். பசித்த பிள்ளைக்கு அதுவே பெரிய மறைவு. வேண்டி வந்தவன் யார், விரதத்துக்கு வந்தவன் யார் என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதனைத் திட்டமிட்டு வகுத்தவர் எவரென்று தெரியவில்லை, ஒருவேளை எவரும் வகுக்கவில்லை, பழக்கமே வகுத்திருக்கலாம். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டுபேர் கடைசிப் பாயில் நெருக்கியடித்து இருந்தனர்.

எனக்குப் பருப்பு வாளி கிடைத்தது. சோற்றுக்குப் பின் பருப்பு, அதன்பின் பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய், கீரை, ஈற்றில் மோர். பரிமாறுதல் இலகுவான வேலையென்று எண்ணியிருந்தேன். குனிந்து நிமிர்ந்து நான்காவது நிரையை எட்டுமுன்னரே முதுகு முறையிட்டது. பிள்ளைகளின் பாயை அடைந்தபோது ஒரு பையன் இலையின் ஓரத்தில் மூன்று விரலாற் கோடு கிழித்துச் சோற்றை இரு கூறாக்கியிருந்தான். ஒரு கூற்றை உண்டான், மற்றையதைத் தொடவில்லை.

“ஏன் தம்பி, காணுமோ?”

“தங்கச்சிக்கு. காய்ச்சல், வரேல்லை.”

பின்னால் வந்த பெரியவர் ஒன்றும் வினவவில்லை. “அதையும் நீ சாப்பிடு, அப்பன். போகேக்கை பெட்டி கட்டித் தரலாம்” என்று கூறிவிட்டு அடுத்த இலைக்குச் சென்றார். தங்கச்சியின் பெயரென்ன, வீடு எங்கே, தகப்பன் என்ன தொழில் என்ற கேள்விகள் என் நாவின் நுனிவரை வந்தன. பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு அது ஒரு நோய். பருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் அடுத்த இலைக்குச் சென்றேன்.

பந்தி முடிந்து, கிடாரங்கள் கழுவும் ஓசை பின்கட்டில் எழுந்தது. திண்ணையில் என் பை கிடந்த இடத்தில் அந்தப் பையன் அமர்ந்திருந்தான். வாழையிலையிற் சுற்றிக் கட்டிய சோறு மடியில் இருந்தது. பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ‘ஞானச்சுட’ரை இழுத்தெடுத்து எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். பழைய பத்திரிகைப் பக்கம் பையின் அடியிற் கிடந்ததை எண்ணி ஒருகணம் நடுங்கினேன். நல்லவேளை, அது அவன் கையில் அகப்படவில்லை.

அவன் வாசித்தது சிறுவர் கதையன்று, பட்டியலை.

“இவை ஆர், ஐயா?”

“அரிசி தந்தவை.”

“கனடா எண்டு போட்டிருக்கு. கனடாவிலை நெல்லு விளையுமோ?”

விளையாதென்றும், அங்கிருந்து காசு வரும், அரிசி இங்கே கிளிநொச்சியிலிருந்தும் வன்னியிலிருந்தும் வருமென்றும் விளக்கினேன். அவனுக்கு முழுவதும் திருப்தி ஏற்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு பக்கங்களையும் மேலிருந்து கீழாக விரலால் தடவித் தேடினான்.

“உங்கடை பேர் இதிலை இருக்கோ?”

“இல்லை.”

“என்ரை பேரும் இல்லை” என்றான்.

அதன்பின் சஞ்சிகையை மூடி என்னிடம் தந்துவிட்டு, சோற்றுப் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆற்றங்கரை வழியே ஓடினான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நீரேரியிற் காற்று எழுந்து, அணைக்கு இப்பாலிருந்த கண்ணாடியும் கலங்கத் தொடங்கியது. பெரியவர் அடுத்த நாளைக்கென்று வந்த மூடைகளைச் சுவரோரம் அடுக்குவித்துக்கொண்டிருந்தார். காலையில் வண்டியில் என்னோடு வந்த நான்கும் அவற்றுள் இருந்தன. “இது ஆர் தந்தது, ஆச்சி?” என்று ஒருவர் கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஆச்சி நெற்றியிற் கைவைத்து யோசித்தாள். தன் மகனின் பெயரையும், அவன் வாழும் நாட்டின் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். எழுதி முடித்ததும் திரும்ப வாசித்துக் காட்டும்படி கேட்டாள்.

ஐந்து மணி வண்டி வருகிறதென்று யாரோ கூவினார்கள். பழைய பக்கத்தை மடத்து அடுப்பிற் போட்டுவிட்டு வந்தாலென்ன என்று ஒருகணம் எண்ணினேன். போடவில்லை. அது இன்னும் என் பையிலேயே இருக்கின்றது.